ஐப்பசியில் வந்து பாருங்கள்

பள்ளிக்கரணை என்றால் இப்போது எல்லோருக்கும் மூன்று விஷயங்கள்தான் ஞாபகத்துக்கு வருகின்றன. மழைக்காலத்தில் டி.வி.யில் காட்டும் படகு, பெருங்குடி குப்பைமேட்டு வாடை, சதுர அடி என்ன விலைக்குப் போகிறது என்ற பேச்சு. நான் பிறந்து வளர்ந்து, வேலைக்குப் போய், ஓய்வும் பெற்று, இன்னமும் குடியிருக்கிற ஊர் அது. இந்த மூன்றும் வருவதற்கு முன்பே அங்கே ஒன்று இருந்தது. இன்னும் கொஞ்சம் இருக்கிறது. அதை இரண்டு குழந்தைகள் அறுபது வருஷ இடைவெளியில் எப்படித் தெரிந்துகொண்டார்கள் என்பதை எழுதிவைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைப்பு. ஒரு குழந்தை நான். இன்னொன்று என் பேத்தி.

'சதுப்பு நிலம்' என்ற வார்த்தையை நான் பெரியவனான பிறகு பேப்பரில்தான் படித்தேன். எங்கள் ஊரில் அதற்குக் கழுவெளி என்று பெயர். சிலர் கழிவெளி என்பார்கள். கழி என்றால் கடலோரத்து உப்பங்கழி, தண்ணீர் தேங்கிப் பரவும் இடம். அன்றாடப் பேச்சில் அதுவும் சுருங்கி வெறும் 'வெளி' ஆகிவிடும். "மாட்டை வெளிக்கு ஓட்டு", "வெளியில தண்ணி ஏறிடுச்சு" என்று சொன்னால் ஊரில் எல்லோருக்கும் புரியும். பிற்காலத்தில் அந்தக் கழிவெளியில்தான் நகரத்துக் கழிவையெல்லாம் கொண்டுவந்து கொட்டினார்கள். ஒரே ஒரு எழுத்து கூடியதில் அர்த்தமே மாறிப்போயிற்று.

ஊர் நத்தம் கொஞ்சம் மேட்டில் இருக்கும். எங்கள் வீட்டுப் பின்பக்கத்திலிருந்து கிழக்கே பார்த்தால் கண்ணுக்கு எட்டிய வரை கோரையும் சம்பும் தண்ணீரும்தான். நடுவில் மறைக்க ஒன்றும் கிடையாது. அப்பா காலையில் வேலைக்குப் போய்விடுவார். அம்மாவுக்கு வீட்டு வேலையே சரியாக இருக்கும். ஆகவே என்னை வளர்த்தது ஆயாதான், அதாவது அப்பாவைப் பெற்றவர். ஆயாவிடம் இரண்டு எருமைகள் இருந்தன. எருமைகள் வெளிக்குப் போகும், ஆயா எருமைகளின் பின்னால் போவார், நான் ஆயாவின் பின்னால் போவேன். பள்ளிக்கூடத்தில் சேர்வதற்கு முன்பே நான் சேர்ந்த பள்ளிக்கூடம் அது.

ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் வெளியைப் பற்றி ஒரு பஞ்சாங்கமே மனதில் வைத்திருந்தார். ஆனி, ஆடியில் ஓரத்து நிலமெல்லாம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். எருமைகள் நடு வெளி வரைக்கும் போய்ச் சேற்றுக் குட்டையில் படுத்துவிடும். ஆவணி, புரட்டாசியில் சாயங்கால மழை. வெடிப்பெல்லாம் மூடிக்கொள்ளும், தவளைச் சத்தம் ஆரம்பிக்கும். ஐப்பசியில்தான் உண்மையான தண்ணீர் வரும். அது வானத்திலிருந்து மட்டும் வருவதில்லை. மேற்கே கீழ்க்கட்டளை ஏரி நிரம்பி நாராயணபுரம் ஏரிக்கு வரும். அந்த ஏரியின் கலங்கல் வழிந்து எங்கள் பக்கம் இறங்கும். வடக்கே ஆதம்பாக்கம், வேளச்சேரி, மடிப்பாக்கம் பக்கத்து ஏரித் தண்ணீரும் இங்கேதான் வந்து சேரும். வந்த தண்ணீர் மெதுவாகத் தெற்கே நகர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாயில் விழுந்து, கோவளத்தில் கடலோடு கலக்கும். கார்த்திகையில் வெளி நிரம்பி நிற்கும். மார்கழி, தையில் வாத்துகள் வந்து இறங்கும். மாசியில் தண்ணீர் வடிய ஆரம்பிக்கும். பங்குனி, சித்திரையில் கோரை அறுப்பார்கள். மறுபடியும் ஆனி, ஆடி.

வீட்டுக்கும் வெளிக்கும் நடுவில் ஒரு பனைமரம் நின்றது. அதில் அரிவாளால் மூன்று கோடு போட்டிருந்தார் ஆயா. தண்ணீர் முதல் கோட்டைத் தொட்டால் எருமைகளை மேட்டில் கட்ட வேண்டும். இரண்டாவது கோட்டைத் தொட்டால் விறகை எடுத்துப் பரணில் போட வேண்டும். மூன்றாவது கோட்டைத் தண்ணீர் தொட்டு நான் பார்த்ததில்லை. "தொட்டா?" என்று கேட்டேன். "தொட்டா கும்புடணும்" என்றார்.

வெளியில் நடப்பதற்கும் சட்டம் உண்டு. கோரை அடர்ந்திருக்கும் இடத்தில் கால் வைக்கலாம், வேர் தாங்கும். தண்ணீர் தெளிந்து, ஒன்றுமே முளைக்காமல் வழுவழுவென்று தெரிந்தால் அங்கே கால் வைக்கக் கூடாது. அது புதைசேறு. பார்க்க நன்றாக இருக்கிற இடம்தான் ஆபத்தான இடம் என்பதை ஐந்து வயதில் கற்றுக்கொண்டேன்.

விரால் மீன் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்தால், குஞ்சுகள் செக்கச்செவேல் என்று ஒரு பந்துபோலத் திரண்டு தண்ணீரின் மேல்மட்டத்தில் நகரும். கீழே தாய் தகப்பன் காவல் சுற்றும். அந்தச் சிவப்புப் பந்து தெரிந்தால் அங்கே தூண்டில் போட ஆயா விடமாட்டார். "அதுங்க பெருசாவட்டும், அப்புறம் தின்னலாம்" என்பார். இதில் கருணை பாதி, கணக்கு பாதி. கோடையில் அதே விரால் ஈரச் சேற்றுக்குள் புதைந்து, காற்றைச் சுவாசித்தபடி உயிரோடு கிடக்கும். ஒருமுறை சேற்றைக் கிளறியபோது என் கையில் வழுக்கிக்கொண்டு ஒன்று துள்ளியது. காய்ந்த தரை என்று நான் நினைத்த இடத்துக்கு அடியில் ஒரு மீன் மழைக்காகக் காத்திருந்தது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

அல்லி இலைமேல் நடக்கும் ஒரு பறவை உண்டு. நீண்ட வால், சிலந்திக் கால் மாதிரி விரல்கள். இலை முங்காமல் நடந்து போகும். இலைக்கோழி என்று புத்தகத்தில் போட்டிருக்கிறார்கள். அதில் முட்டையை அடைகாத்துக் குஞ்சை வளர்ப்பதெல்லாம் ஆண் பறவை. பெண் பறவை முட்டையிட்டுவிட்டு அடுத்த ஜோடியைத் தேடிப் போய்விடும். இதையும் விஞ்ஞானப் புத்தகம் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். ஆயாவுக்கு அந்த விவரம் தெரியாது. தெரிந்திருந்தால் தாத்தாவிடம் நாலு வார்த்தை சொல்லியிருப்பார்.

இதெல்லாம் பழைய நினைப்பின் இனிப்புக்காக மட்டும் சொல்லவில்லை. இங்கிருந்துதான் நான் சொல்லவந்த விஷயம் ஆரம்பமாகிறது.

ஊரைச் சுற்றி மனை போட ஆரம்பித்த காலத்தில் ஒரு பங்குனி மாதம். வெள்ளைச் சட்டை போட்ட நாலைந்து பேர் ஜீப்பில் வந்து இறங்கினார்கள். வெளியின் ஓரம் காய்ந்து, ஃபுட்பால் ஆடலாம் போலக் கெட்டியாக இருந்தது. கையில் வரைபடம். சங்கிலி பிடித்து அளந்தார்கள். கல் நட்டார்கள். ஆயாவுக்கு அப்போது நல்ல வயசு. திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தவர், "இன்னாடா பண்றானுங்க?" என்று கேட்டார். "வீடு கட்டப்போறாங்களாம் ஆயா" என்றேன். சிரித்துவிட்டார். "ஐப்பசில வந்து பாக்கச் சொல்லு இவனுங்கள" என்றார்.

எனக்குத் தெரிந்து கழுவெளியைப் பற்றி யாரும் இதைவிடச் சரியாகச் சொன்னதில்லை. ஓரத்துச் சதுப்பு ஆறு மாதம் தண்ணீர், ஆறு மாதம் தரை. சித்திரையில் மட்டும் பார்த்தவனுக்கு அது சும்மா கிடக்கிற காலி நிலம். கார்த்திகையில் மட்டும் பார்த்தவனுக்கு அது வெள்ளம். வருஷம் முழுக்கப் பார்த்தவனுக்குத்தான் இரண்டும் ஒன்று என்று தெரியும். எங்கள் ஊரில் மனைகள் விற்றது பெரும்பாலும் கோடையில். மனை பார்க்க யாரும் மழையில் வருவதில்லை அல்லவா!

அரசாங்கக் கணக்கும் ஒத்தாசை செய்தது. ரெவின்யூ பதிவில் இந்த மாதிரி நிலங்கள் புறம்போக்கு. அந்தச் சொல்லுக்குத் தீர்வை விதிக்காத, சாகுபடிக்குப் புறம்பான நிலம் என்றுதான் அர்த்தம். வரி வராத நிலம் உபயோகமில்லாத நிலம் என்று ஆயிற்று. பிறகு அது ஒரு வசவாகவும் ஆகிவிட்டது. எருமைக்குப் புல், கூரைக்குக் கோரை, குழம்புக்கு மீன் என்று எங்களுக்குக் கொடுத்தது எதுவும் எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை.

அப்புறம் நடந்தது சென்னைக்காரர்கள் எல்லோரும் பார்த்ததுதான். பெருங்குடிப் பக்கம் குப்பை லாரிகள் வந்தன. குப்பை மலையாயிற்று. கழிவுநீர் வந்தது. அரசாங்க நிறுவனங்களே உள்ளே வளாகம் கட்டின. துரைப்பாக்கம்–பல்லாவரம் ரேடியல் சாலை சதுப்பின் நடுவே போயிற்று. ஒரு காலத்தில் ஐயாயிரம் ஹெக்டேருக்கு மேல் பரவியிருந்தது என்று சொல்லப்படும் வெளியில், இன்று சதுப்பாக மிஞ்சியிருப்பது சிறு பகுதிதான். எங்கள் பனைமரமும் எப்போதோ போய்விட்டது. அது நின்ற இடத்தில் இன்று ஒரு டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது.

மிஞ்சியது மிஞ்சியதற்கும் காரணம் உண்டு. குப்பைப் புகையில் இருமிக்கொண்டிருந்த குடியிருப்புவாசிகள் மனு மேல் மனு போட்டார்கள், நீதிமன்றம் போனார்கள். 2000-க்குப் பிறகு கேர் எர்த் அறக்கட்டளையைச் சேர்ந்த ஜெயஸ்ரீ வெங்கடேசனும் அவருடன் வேலை செய்தவர்களும் சதுப்பில் இறங்கி, என்னென்ன உயிர்கள் இருக்கின்றன என்று கணக்கெடுத்தார்கள். பறவைகள் மட்டும் நூறு வகைக்கு மேல். மீன்கள் நாற்பது வகைக்கு மேல். சுற்றிலும் சுமார் 250 சதுர கிலோமீட்டர் பரப்பில் விழும் மழை, 65 ஏரி குளங்களின் உபரி, எல்லாம் வந்து சேரும் இடம் இது என்றும் எழுதிவைத்தார்கள். ஆயாவின் பஞ்சாங்கம் முதல் தடவையாகக் காகிதத்தில் ஏறியதுபோல எனக்கு இருந்தது. 2007-ல் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. பிறகு இன்னும் கொஞ்சம் சேர்ந்தது. 2022-ல் 1,247 ஹெக்டேருக்கு ராம்சார் தகுதி கிடைத்தது. ராம்சார் என்பது ஈரான் நாட்டில் ஒரு ஊர். 1971-ல் ஈரநிலங்களைக் காப்பதற்கான உலக உடன்படிக்கை அங்கேதான் கையெழுத்தாயிற்று. பள்ளிக்கரணையோடு கரிக்கிலியும் பிச்சாவரமும் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. 2025-ல் ஜெயஸ்ரீ வெங்கடேசனுக்கு ராம்சார் விருதும் கிடைத்தது.

பட்டியலில் பெயர் ஏறினால் எல்லாம் முடிந்துவிடும் என்று நினைக்கக் கூடாது. ராம்சார் அறிவிப்பு வந்த அதே 2022-ல், ஏப்ரல் மாதம், குப்பைமேடு பற்றி எரிந்து நாங்கள் நாள் கணக்கில் ஜன்னலை அடைத்துக்கொண்டு இருந்தோம். ராம்சார் எல்லைக் கோடு தரையில் எந்த வழியாகப் போகிறது என்ற கேள்வி 2025-ல்கூடத் தீர்ப்பாயமும் நீதிமன்றமுமாக அலைந்துகொண்டிருந்தது. நம் ஊரில் ஒரு நிலத்தைக் காப்பாற்றுவது ஒரு நாள் வேலை இல்லை.

இனிப் பேத்தி கதைக்கு வருகிறேன்.

2015 டிசம்பரில் வெள்ளம் எங்கள் வீட்டின் இரண்டாவது படியோடு நின்றது. நத்தத்து மேடாயிற்றே என்று தைரியமாக இருந்தோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது கூடத்துக்குள் முழங்கால் அளவு தண்ணீர். சுற்றிலும் சாலைகளையும் மனைகளையும் மேடாக்கி மேடாக்கி, பழைய மேடு இப்போது பள்ளமாகிவிட்டது. பேத்திக்கு அப்போது எட்டு வயது. மாடியில் மூன்று நாள், மின்சாரம் இல்லை. மெழுகுவத்தி வெளிச்சத்தில் அவளுக்குப் பொழுது போக வேண்டுமே என்று, ஆயாவின் பனைமரத்துக் கோடுகளைப் பற்றிச் சொன்னேன்.

"அந்த மரம் இப்ப எங்க தாத்தா?"

"இல்லம்மா. வெட்டிட்டாங்க."

"அப்ப தண்ணி எவ்ளோ வருதுன்னு இப்ப யாரு பாக்குறா?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை. அதிகாரிகள் அளக்கிறார்கள், ஏரியில் அளவுகோல் இருக்கிறது என்று என்னவோ சொன்னேன். அவளுக்குத் திருப்தியில்லை. "நம்ம தெருவுல?" என்றாள்.

எங்கள் தெருக்கோடியில் ஒரு கால்வாய் ஓடுகிறது. ஏரிப் பக்கத்திலிருந்து வெளிக்குப் போகும் பழைய வாய்க்கால்களில் மிஞ்சிய ஒரு கிளை. அகலம் பத்து அடிகூட இருக்காது. அதன் குறுக்கே செங்கல்லில் கட்டிய சின்னச் சிறுபாலம். 2024 பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை அவள் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு அங்கே போனாள். பாலத்துச் சுவரின் செங்கல் வரிசைதான் அவளுக்கு அளவுகோல். கீழிருந்து எண்ணி, தண்ணீர் எத்தனையாவது செங்கல்லில் இருக்கிறது என்று எழுதினாள். பக்கத்தில் இரண்டு கட்டம். ஒன்றில் என்ன பறவை பார்த்தோம். இன்னொன்றில் வாடை: பரவாயில்லை, மோசம், ரொம்ப மோசம்.

ஒரு மாதம் போனால் விட்டுவிடுவாள் என்று வீட்டில் எல்லோரும் நினைத்தோம். விடவில்லை. பரீட்சை சமயத்திலும் போனாள். ஜுரம் வந்த ஒரு ஞாயிறு என்னை அனுப்பினாள். நான் "ரெண்டு செங்கல் இருக்கும்" என்று சொன்னதற்கு, "இருக்குமா, இருக்கா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பினாள்.

பறவைப் பெயரில் எங்களுக்குள் தினமும் தகராறு. நான் மடையான் என்றால் அவள் குருட்டுக்கொக்கு என்பாள். நான் நீலக்கோழி என்றால் அவள் நீலத் தாழைக்கோழி என்பாள். அது சம்புத் தண்டைப் பிடுங்கி ஒரு காலால் கையில் பிடிப்பதுபோலப் பிடித்துக்கொண்டு தின்பதை முதலில் பார்த்தது அவள்தான். ரேடியல் சாலைப் பக்கம் கூட்டிப்போனபோது கூழைக்கடா, அரிவாள்மூக்கன், நெடுங்கால் உள்ளான் எல்லாம் காட்டினேன். நாமக்கோழியின் நெற்றியில் வெள்ளை நாமத்தைப் பார்த்துவிட்டு, "பெருமாள் கோயில் கோழியா தாத்தா?" என்று சிரித்த சிரிப்பில் பக்கத்தில் பைக்கை நிறுத்தியிருந்தவரும் சிரித்துவிட்டார். குப்பை மலை ஒரு பக்கம், கண்ணாடிக் கட்டடங்கள் மறு பக்கம், நடுவில் அத்தனை பறவை. என் சின்ன வயது வெளியோடு ஒப்பிட்டு நான் பெருமூச்சு விடுவேன். அவளுக்கு ஒப்பிட எதுவும் இல்லை. இருப்பதே அவளுக்கு நிறைய. குழந்தைகளிடம் பெரியவர்கள் கற்றுக்கொள்ள வேண்டியது இது என்று தோன்றும்.

2025 ஏப்ரலில் எங்கள் குடியிருப்போர் சங்கக் கூட்டம். அந்தக் கால்வாயின் மேல் கான்கிரீட் பலகை போட்டு மூடி, கார் நிறுத்த இடம் செய்யலாம் என்று ஒரு யோசனை வந்தது. கொசுத் தொல்லையும் தீரும் என்றார்கள். யாரையும் குறை சொல்ல முடியாது. இதை முன்னால் நின்று சொன்னவரின் தாயார் முந்தைய வருஷம் டெங்குவில் படுத்து, பிழைத்ததே பெரிய விஷயம். அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. "இதுல தண்ணியே ஓடுறதில்ல சார். குப்பைதான் கிடக்கு. எதுக்குத் தொறந்து வெச்சிருக்கணும்?" என்றார். சித்திரை மாதம். கால்வாய் காய்ந்துதான் கிடந்தது.

எனக்கு ஆயாவின் குரல் காதில் விழுந்தது. எழுந்து பேசலாமா என்று யோசிப்பதற்குள், பின்வரிசையில் என்னோடு உட்கார்ந்திருந்த பேத்தி நோட்டைத் தூக்கிக்கொண்டு முன்னால் போய்விட்டாள். மைக்கெல்லாம் இல்லை. மெல்லிய குரலில் படித்தாள். போன வருஷம் 52 ஞாயிறு. அதில் 29 ஞாயிறு தண்ணீர் இருந்தது. அதில் 7 ஞாயிறு ஆறாவது செங்கல்லுக்கு மேல். ஒரு ஞாயிறு பாலத்தின் அடித்தளத்தையே தொட்டுவிட்டது. "அன்னிக்கு நம்ம தெருவுல தண்ணி வரல அங்கிள். எல்லாம் இதுல போயிடுச்சு" என்றாள்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அந்த நண்பர்தான் கேட்டார், "சரி பாப்பா, கொசுவுக்கு என்ன பண்றது?"

அவள் நோட்டைப் புரட்டினாள். பிளாஸ்டிக் பை அடைத்துத் தண்ணீர் தேங்கிய இடத்தில்தான் கொசுப்புழு நெளிந்தது, தண்ணீர் ஓடிய நாட்களில் பார்க்கவில்லை என்று எழுதியிருந்தாள். "மூடிட்டா உள்ள அடைச்சாலும் நமக்குத் தெரியாதுல்ல?" என்றாள். அங்கே இருந்தவர்களில் இரண்டு பேர் இன்ஜினியர்கள். அவர்கள் தலையாட்டினார்கள்.

சினிமாவாக இருந்தால் இந்த இடத்தில் எல்லோரும் கை தட்டியிருப்பார்கள். எங்கள் கூட்டத்தில் டீ வந்தது. தீர்மானத்தைத் தள்ளிவைத்தார்கள். மூடுவதற்குப் பதிலாகத் தூர்வாரச் சொல்லி மனு கொடுப்பது என்று முடிவாயிற்று. மூன்று மனு, இரண்டு தடவை நேரில் போய் நின்றது எல்லாம் ஆன பிறகு செப்டம்பரில் ஆட்கள் வந்து பாதி தூரம் தூர்வாரினார்கள். மீதிப் பாதி அப்படியே இருக்கிறது. கார் நிறுத்தும் யோசனையும் செத்துப்போகவில்லை. அடுத்த கோடையில் கால்வாய் காய்ந்ததும் மறுபடி எழும், எனக்குத் தெரியும்.

ஆனால் ஒன்று மாறியிருக்கிறது. டெங்குவில் தாயாரைப் பறிகொடுக்கப் பார்த்த அந்த நண்பர், ஞாயிற்றுக்கிழமை காலையில் பால் வாங்கப் போகும்போது பாலத்தில் நின்று எட்டிப் பார்க்கிறார். போன ஐப்பசியில் ஒரு ராத்திரி, பத்து மணிக்கு மேல், எனக்கு போன் செய்து, "சார், அஞ்சாவது செங்கல் தாண்டிடுச்சு. பாப்பாகிட்ட சொல்லிடுங்க" என்றார். பாப்பா தூங்கிவிட்டாள். நானே எழுதிவைத்தேன்.

இயற்கையை நேசிக்கக் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள் என்று நிறையப் பேர் எழுதுகிறார்கள். நேசம் சொல்லிக்கொடுத்து வருவதாக எனக்குத் தெரியவில்லை. வேடந்தாங்கல் ஊர்க்காரர்கள் இருநூறு வருஷத்துக்கு மேலாகப் பறவைகளைக் காப்பாற்றி வருகிறார்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சுட வந்தபோது கலெக்டரிடம் போய் நின்று உத்தரவாதம் வாங்கியவர்கள் அவர்கள். பறவைகளின் எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பாய்ந்தால் பயிர் செழிக்கும் என்று வயலில் கண்டவர்கள். சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுக்குடிப்பட்டியில் தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்க மாட்டார்கள், கண்மாய்ப் பறவைகள் பயந்து போய்விடும் என்று. அங்கே பிறக்கிற குழந்தைக்கு யாரும் தனியாக வகுப்பு எடுப்பதில்லை. வருஷா வருஷம் அதே மரத்தில் அதே பறவை வருவதை அது பார்க்கிறது, அவ்வளவுதான். வருகிற நாளைத் தெரிந்து காத்திருந்த குழந்தைக்குத்தான், ஒரு வருஷம் வராமல் போனால் வலிக்கும். அந்த வலிதான் பிற்பாடு மனுவாகவும் வழக்காகவும் மாறுகிறது.

ஆகவே பேரன் பேத்தி உள்ளவர்களுக்கு நான் சொல்வது ஒன்றே ஒன்று. அவர்களை எங்கோ இருக்கிற காட்டுக்கு ஒரு நாள் சுற்றுலா கூட்டிப்போவது நல்லதுதான். அதைவிட, வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற ஒரு குளத்தை, ஒரு கால்வாயை, வருஷம் முழுக்கப் பார்க்க வையுங்கள். அது அழகாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. ஒரு நோட்டும் எண்ணுவதற்கு ஒரு செங்கல் சுவரும் போதும்.

பள்ளிக்கரணையைப் பார்க்க வேண்டும் என்றால் வேளச்சேரி–தாம்பரம் சாலையில் 2021-ல் திறந்த சூழல் பூங்கா இருக்கிறது. நடைபாதை போட்டிருக்கிறார்கள். காலையில் போனால் பறவைகள் நன்றாகத் தெரியும். தையில் வந்தால் வாத்துகள் இருக்கும், சில வருஷங்களில் பூநாரைகளும் இருக்கும். பங்குனியில் வந்தால் சேறும் வெடிப்பும் தெரியும்; அதற்கு அடியில் ஒரு விரால் கிடக்கலாம் என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இங்கே மனை வாங்குகிற யோசனையில் வருகிறவர்களாக இருந்தாலும் தாராளமாக வாருங்கள், நான் யாரையும் தடுக்கவில்லை. பேரம் பேசுவதற்கு முன் ஐப்பசியில் ஒரு தடவை வந்து பாருங்கள்.